வடசென்னைப் பந்தாட்ட சரித்திரம் – அத்தியாயம் 17: வியாசர்பாடிப் பிள்ளையும் இரண்டாவது கோப்பையும்

பெரம்பூர் ஆலைகளும், துறைமுகமும், ரயில்வேயும், பின்னாளில் பாங்குகளும், பந்தாடத் தெரிந்த வாலிபர்களுக்கு உத்தியோகம் கொடுத்து அணி சேர்த்த காலத்தின் விருத்தாந்தத்தைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். பள்ளிக்கூடத்து அணியில் பெயரெடுத்த பையன் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போவதும், கல்லூரி அணியில் பிரகாசித்தவன் சர்வகலாசாலை அணிக்குத் தேர்வாவதும், அங்கே நாலு பேர் கண்ணில் பட்டவன் துறைமுகத்திலோ, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ, இந்தியன் வங்கியிலோ, கணக்காயர் அலுவலகத்திலோ ஒரு நாற்காலியைப் பிடித்து, காலையில் பந்தும் பகலில் பேரேடுமாகக் காலம் தள்ளி, ஓய்வூதியத்தோடு வீடு திரும்புவதுமாக அந்த ஏணி ஒரு கிரமத்தோடு நின்றிருந்தது. 1996ஆம் வருஷம் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் சங்கு ஓய்ந்தது. மற்ற ஸ்தாபனங்களும் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுப்பதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டன. ஏணியின் மேற்படிகள் ஒவ்வொன்றாகக் கழன்ற பிறகு, கீழே நின்ற பிள்ளைகள் எதைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். அதைச் சொல்வதற்குச் சென்னையின் எஃப்.சி. கழகத்தின் 2017–18ஆம் பருவச் சரித்திரத்தைவிடத் தகுந்த சந்தர்ப்பம் வேறில்லை.

இந்த இடத்தில் வாசகர் ஒரு ஆட்சேபணையை எழுப்பக்கூடும். வடசென்னையின் பந்தாட்ட சரித்திரத்தில் சென்னையின் எஃப்.சி. என்ற கழகத்துக்கு என்ன ஜோலி என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. 2014ஆம் வருஷம் இந்தியன் சூப்பர் லீக் பந்தயங்களோடு பிறந்த அந்தக் கழகத்தின் உரிமையாளர்களில் ஒருவர் பம்பாய்ச் சினிமா நட்சத்திரமான அபிஷேக் பச்சன். இன்னொருவர் கிரிக்கெட் தலைவராகப் பிரசித்தி பெற்ற தோனி. மூன்றாமவர் வீட்டா தானி. 2017–18ஆம் பருவத்தில் அதன் பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரர். ஆட்டக்காரர்களோ பிரேசில், போர்ச்சுகல், ஸ்பெயின், ஹாலந்து, ஸ்லோவேனியா, மிசோரம், பஞ்சாப் என்று எட்டுத் திக்கிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். ஆடும் இடமாகிய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் பெரியமேட்டில் இருக்கிறதேயன்றி, ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இல்லை. ஆயினும் அந்தப் பருவத்தில் அந்த அணி அடித்த கோல்களுள் அதன் கதியையே மாற்றிய இரண்டு கோல்கள் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த ஒருவருடையவை. அவர் பெயர் தன்பால் கணேஷ். அவரை விலக்கிவிட்டு இந்தச் சரித்திரத்தை எழுதினால் அது பூர்த்தியாகாது. அவரைச் சேர்த்துக்கொண்டால் அவர் அணிந்த நீலச் சட்டையையும் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும்.

முதலில் அவர் பிறந்த மண்ணைச் சற்றுப் பார்ப்போம். 1856ஆம் வருஷம் தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி புறப்பட்ட ராயபுரம் நிலையத்திலிருந்து வடக்கே கரையோரமாக நடந்தால், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும், தண்டையார்ப்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகளும், தியாகேசர் குடிகொண்ட திருவொற்றியூரும், அதைத் தாண்டி எண்ணூரின் கழிமுகமும் வரிசையாக வரும். திருவொற்றியூரில் 1946ஆம் வருஷம் ஒரு கொட்டகைக்குள் ரப்பர் பலூன் ஊதிப் பார்த்துக் கொண்டிருந்த ஒரு சிறிய தொழிற்சாலை, பின்னர் எம்.ஆர்.எஃப். என்ற பெயரில் தேசமெங்கும் டயர் விற்றது. அதே ஊரில் விம்கோ தீப்பெட்டியும், 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும், எண்ணூரில் அசோக் லேலண்டு லாரியும் உற்பத்தியாயின. மேற்கே, பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் ரயில் பாதைகளுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் வியாசர்பாடியில், ஆலைக்கும் துறைமுகத்துக்கும் உடலுழைப்பைக் கொடுத்த குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. இந்தப் பிரதேசத்தின் பெயர் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் வருவது பெரும்பாலும் விபத்தை முன்னிட்டுத்தான். நாம் பேசப்போகும் பருவம் தொடங்குவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு, 2017 ஜனவரிக் கடைசியில், எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கசிந்தபோது, கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை மனிதர்கள் வாளி வாளியாக அள்ளி ஊற்றிய காட்சியைத் தேசமே பார்த்தது.

அப்படிப்பட்ட பிரதேசத்தில் வியாசர்பாடிக்கு மட்டும் 'குட்டி பிரேசில்' என்று ஒரு பட்டம் கிடைத்திருக்கிறதென்றால், அதன் காரணம் அந்த வட்டாரத்தின் கிரவுண்டுகளில் இருக்கிறது. கணேஷ் சிறுவனாயிருந்த நாளில் புல் என்பது அங்கே பேருக்குக்கூடக் கிடையாது. சரளையும் புழுதியும் கலந்த கட்டாந்தரை. மழை பெய்தால் சேறு. பந்தடிக்க வரும் பிள்ளைகளில் பலருக்குக் காலணி என்பது மேட்ச் நாளில் மட்டும் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வஸ்து. இரண்டு செங்கல்லை நட்டால் கோல் போஸ்ட்; செங்கல் அகப்படாவிட்டால் இரண்டு ஜோடி செருப்பு. கட்டாந்தரையில் பந்து சீராக உருளாது, கல்லில் பட்டுத் திசை மாறித் துள்ளும்; ஆகையால் அதைத் தரையில் வைத்துக்கொண்டு யோசிக்க அவகாசமே இராது. துள்ளி வரும் பந்தைத் தொடையிலோ மார்பிலோ வாங்கி, அது கீழே இறங்குவதற்குள் அடுத்தவனுக்குத் தள்ளிவிடும் சாமர்த்தியத்தையும், தலைக்கு மேலே வருவதைக் கண்ணை மூடாமல் முட்டும் துணிச்சலையும் பையன்கள் ஆசிரியர் சொல்லாமலே கற்றுக்கொண்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், குடிசைப் பகுதிச் சிறுவர்களின் விளையாட்டுத் திறமைக்கும் படிப்புக்குமாக வியாசர்பாடியில் தோன்றிய சங்கம் ஒன்று, இந்தத் தன்னிச்சையான வித்தைக்கு ஒரு ஒழுங்கு ஏற்படுத்திற்று. மாலையில் பந்தும் இரவில் பாடமுமாகப் பிள்ளைகளைப் பிடித்து வைத்த அந்தச் சங்கத்தாரின் சிரத்தையால், கஞ்சா வியாபாரிகளின் கையில் போயிருக்கக்கூடிய பல பிள்ளைகள் கல்லூரி அணிகளுக்குப் போனார்கள்.

கணேஷ் 1994ஆம் வருஷம் பிறந்தவர். முந்திய தலைமுறையினரைப் போல் அவர் துறைமுகத்து வேலைக்கோ பாங்கு வேலைக்கோ காத்திருக்கவில்லை. இளம் பிராயத்திலேயே புனே நகரத்துக் கழகத்தின் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்து, பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டார். ஒப்பந்தம் என்ற புது ஏணி இதுதான். இதில் சம்பளம் பழைய உத்தியோகத்தைக் காட்டிலும் அதிகம். ஆனால் முழங்காலில் ஒரு தசைநார் அறுந்தால் அதற்கு மேல் படி கிடையாது. இந்த வித்தியாசத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; இந்த அத்தியாயத்தின் முடிவில் அது மறுபடியும் நம் முன் வந்து நிற்கும். அவர் ஆடிய ஸ்தானம் நடுக்களத்தின் பின்பகுதி. எதிரிகள் தாக்க வரும்போது பந்தைப் பறிப்பதும், பறித்ததைப் பத்திரமாகப் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுப்பதும், மற்றவர்கள் முன்னேறிப் போனபின் அவர்கள் விட்டுச்சென்ற காலியிடத்தைக் காப்பதுமே அந்த ஸ்தானத்துக்குரிய கடமை. கோல் அடிப்பவன் பெயரை ஜனங்கள் கூவுவார்கள். இந்த ஸ்தானத்தில் ஆடுபவன் சரியாக ஆடினால் அவன் அங்கே இருந்ததே பலருக்குத் தெரியாது.

அணியின் பூர்வ கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015ஆம் வருஷம், இத்தாலிய வீரர் மார்க்கோ மத்தராட்சியின் பயிற்சியில், சென்னையின் எஃப்.சி. முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அந்த வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையை மூழ்கடித்த பெருவெள்ளத்தினால், சென்னையில் நடந்திருக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேக்கு மாற்ற நேர்ந்தது. சொந்த ஊரில்லாமலே ஆடிக் கொல்கத்தாவை 3–0 என்று வென்ற அணி, டிசம்பர் 20ஆம் தேதி கோவாவின் மைதானத்திலேயே கோவா அணியை 3–2 என்று தோற்கடித்தது. அடுத்த வருஷம் நிலைமை தலைகீழாயிற்று; எட்டு அணிகளில் ஏழாவதாகப் பின்தங்கிற்று. மத்தராட்சி விடைபெற்றுக்கொள்ள, 2017இல் ஜான் கிரகரி வந்தார். இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடியவர். ஆஸ்டன் வில்லா கழகத்தின் பயிற்சியாளராக இருந்து அதை 2000ஆம் வருஷத்து எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். அறுபது வயதைக் கடந்த அந்த மனிதரின் சித்தாந்தம் எளிமையானது: எதிரி அழகாக ஆடட்டும், நாம் கோல் வாங்காமல் இருப்போம், கிடைக்கும் சந்தர்ப்பத்தைத் தலையாலோ காலாலோ முடிப்போம். அவருக்குத் துணைப் பயிற்சியாளராக வாய்த்தவர், இந்தியன் வங்கி அணியின் பழைய ஆட்டக்காரரும் நம் நகரத்துப் பந்தாட்ட அபிமானிகளுக்கு நன்கு அறிமுகமானவருமான சையத் சாபிர் பாஷா. உத்தியோக ஏணியில் ஏறிய தலைமுறையின் அநுபவம், ஒப்பந்த ஏணியில் ஏறிய தலைமுறைக்கு அவர் மூலமாகவே கைமாறியது எனலாம்.

பெங்களூர், ஜம்ஷெட்பூர் என்ற இரண்டு அணிகள் புதிதாகச் சேர்ந்ததால் அந்தப் பருவத்தில் மொத்தம் பத்து அணிகள். ஆளுக்குப் பதினெட்டு ஆட்டங்கள். முதல் நான்கு இடங்களைப் பிடித்தவை அரையிறுதிக்குப் போகும் என்பது ஏற்பாடு. சென்னையின் ஆரம்பமோ அபசகுனமாக இருந்தது. 2017 நவம்பர் 19ஆம் தேதி, சொந்த அரங்கத்தில், கோவா அணி முதற்பாதியிலேயே மூன்று கோல்களைப் போட்டுவிட்டது. நீலச் சட்டை அணிந்து கொட்டும் முழக்கமுமாக வந்திருந்த 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் புளூஸ்' முதலிய அபிமானிக் கூட்டத்தாரின் குரல் இடைவேளையில் அடங்கிப் போயிற்று. பிற்பாதியில் ஸ்பானியரான இனிகோ கால்தெரோனும், பெனால்டி மூலமாக ரஃபேல் அகஸ்டோவும் இரண்டைத் திருப்பிய போதிலும், 3–2 என்ற தோல்வி தோல்விதான். ஆயினும் நான்கு நாட்களுக்குப் பின் வடகிழக்கு அணியை 3–0 என்றும், புனேயை அதன் ஊரிலேயே 1–0 என்றும், கொல்கத்தாவைச் சென்னையில் 3–2 என்றும் அடுத்தடுத்து வென்றபோது, முதல் நாளின் சோர்வு மறைந்து, இந்த அணியில் ஏதோ விஷயம் இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. உடனே பம்பாயில் ஒரு தோல்வி. இப்படி ஏற்றமும் இறக்கமுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்த வேளையில்தான் டிசம்பர் 17ஆம் தேதி வந்தது.

அன்று ஆட்டம் பெங்களூரில், கண்டீரவா மைதானத்தில். இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள பழைய பகைமை எல்லாத் துறைகளிலும் தெரிந்ததே. இந்தியன் சூப்பர் லீக்கில் அது இந்தப் பருவத்தில்தான் முதல்முறையாகக் களத்தில் இறங்கிற்று. ஐந்தாவது நிமிஷத்திலேயே மிசோரம் வீரர் ஜேஜே லால்பெக்லுவா கோல் அடித்துவிட்டார். அதன் பின்னர் எண்பது நிமிஷங்களுக்குப் பெங்களூர்க்காரர்கள் அலை அலையாக வந்து மோதினார்கள். கோல் காவலர் கரண்ஜித் சிங்கும் அவருக்கு முன்னால் நின்றவர்களும் தாக்குப் பிடித்தார்கள். 85ஆம் நிமிஷத்தில், இந்தியாவின் தலைசிறந்த முன்னணி வீரர் சுனில் சேத்ரி சமன் செய்தபோது, மைதானம் முழுவதும் எழுந்து ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பு ஓய்வதற்குள், 88ஆம் நிமிஷத்தில், தற்காப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த நம் வியாசர்பாடிக்காரர் எதிரியின் கோல் முகத்தில் தோன்றிப் பந்தை வலைக்குள் செலுத்தினார். 2–1. அந்தப் பருவத்தில் பட்டியலின் உச்சியில் அமரப்போகிற அணியை, அதன் ஊரிலேயே தோற்கடித்த கோல் அது.

அதன் பிறகு நடந்தவற்றையெல்லாம் ஆட்டம் ஆட்டமாக விவரித்துக்கொண்டிருப்பது அநாவசியம். கேரளத்தோடு சென்னையில் நடந்த ஆட்டத்தில், 89ஆம் நிமிஷத்தில் கிடைத்த முன்னிலையைக் கூடுதல் நேரத்தில் கோட்டைவிட்டு 1–1 என்று முடித்தது ஒரு வேதனை. பிப்ரவரியில் பெங்களூர் அணி சென்னைக்கு வந்து 3–1 என்று பழி தீர்த்துக்கொண்டு போனது மற்றொரு வேதனை. கொச்சியில், பல்லாயிரக்கணக்கான மஞ்சள் சட்டைகளின் நடுவே, கேரளத்தின் பெனால்டியைக் கரண்ஜித் தடுத்து அணியைக் கரை சேர்த்தது ஒரு ஆறுதல். பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, ஐந்து சமம், நான்கு தோல்வி. மொத்தம் 32 புள்ளிகளோடு இரண்டாம் இடம். முதலிடத்துப் பெங்களூருக்கு 40 புள்ளிகள். கோவாவும் புனேயும் மற்ற இரண்டு இடங்களைப் பிடித்தன.

எட்டுப் புள்ளிகள் பின்தங்கிய ஒரு அணி, இரண்டு மூன்று ஆட்டங்களில் வென்று சாம்பியன் ஆகலாம் என்பது தர்மமா என்று அந்த நாட்களில் டீக்கடை பெஞ்சுகளில் வாதம் நடந்தது. ஐரோப்பாவில் பெரும்பாலான தேசங்களில், வருஷம் முழுவதும் சேர்த்த புள்ளிகளே கிரீடத்தைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவிலோ கல்லூரிகளின் பந்தயங்கள்கூட, பருவம் முடிந்தபின் சிறந்த அணிகளை மறுபடி மோதவிட்டுத் தோற்றவரை வெளியேற்றும் முறையிலேதான் முடிகின்றன. இந்தியன் சூப்பர் லீக் இந்த இரண்டாவது வழியைப் பின்பற்றியது. முதல் முறை சிரத்தைக்குப் பரிசளிக்கிறது. இரண்டாவது முறை சந்தர்ப்பத்தில் தளராத நெஞ்சுக்குப் பரிசளிக்கிறது. மாதக்கணக்கான உழைப்பு ஒரு மாலையில் வீணாகக்கூடும் என்பது இரண்டாவதன் குறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த மாலை எப்படிப் போகும் என்று தெரியாத அந்தத் தவிப்புத்தான் டிக்கெட் வாங்க வைக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அரையிறுதியில் சென்னைக்கு வாய்த்த எதிரி, முதல் நாளில் மூன்று கோல் போட்ட அதே கோவா. அந்தப் பருவத்தில் கோல் மழை பொழிந்த அணி அது. அதன் முன்னணி வீரர் கோரோ ஒருவரே பதினெட்டு கோல்களை அடித்திருந்தார். மார்ச் 10ஆம் தேதி மட்காவில் நடந்த முதல் ஆட்டத்தில், லான்சரோத்தே 64ஆம் நிமிஷத்தில் கோவாவை முன்னிலைக்குக் கொண்டுபோனார். ஏழு நிமிஷங்களில் இளைஞர் அனிருத் தாபா அதைச் சமன் செய்தார். 1–1. ஆகவே எல்லாம் மார்ச் 13ஆம் தேதி நேரு விளையாட்டரங்கத்தில் தீர்மானமாக வேண்டியதாயிற்று.

அன்று மாலை பேசின் பாலத்தைக் கடந்தும், சால்ட் கோட்டர்ஸைச் சுற்றியும், பெரியமேட்டை நோக்கி நடந்த கூட்டத்தில் வியாசர்பாடிக்காரர்களும் புளியந்தோப்புக்காரர்களும் கலந்திருந்தார்கள். கோவா அணிக்குப் பந்தைத் தன் வசம் வைத்துக்கொள்ளும் வித்தை அத்துப்படி. கிரகரி அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. 26ஆம் நிமிஷத்தில் பக்கவாட்டிலிருந்து வந்த பந்தை ஜேஜே தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். மூன்று நிமிஷங்கள் ஆயின. சென்னைக்கு ஒரு ஃப்ரீகிக். ஹாலந்துக்காரரான கிரகரி நெல்சன் பந்தின் முன் நின்றார். கோவாவின் தற்காப்பாளர்கள் ஜேஜேயையும் நெடிய உருவத்தினரான மெய்ல்சனையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுக்களத்திலிருந்து வந்த ஒருவரை அத்தனை பொருட்படுத்தவில்லை. பந்து வளைந்து வந்தது. கணேஷ் எழும்பினார், நெற்றியில் பட்ட பந்து கோல் காவலரைத் தாண்டி வலைக்குள் போயிற்று. 2–0. தலைக்கு மேலே வரும் பந்தைக் கண்ணை மூடாமல் முட்டுவதற்கு அவருக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று நிமிஷ இடைவெளியில் இரண்டு அடி வாங்கிய கோவா பிறகு எழுந்திருக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் ஜேஜே இன்னொன்றும் சேர்த்து, 3–0 என்று அன்றைய கணக்கையும், 4–1 என்று இரண்டு ஆட்டக் கணக்கையும் முடித்து வைத்தார். அரங்கத்தின் நான்கு பக்கங்களிலும் ஜேஜேயின் பெயர் முழங்கியது. அதற்கு இணையாகவே 'கணேசு, கணேசு' என்ற கூவலும் எழுந்தது என்றால் அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மற்ற அரையிறுதியில் புனேயோடு கோலின்றிச் சமன் செய்த பெங்களூர், இரண்டாவது ஆட்டத்தில் சேத்ரியின் மூன்று கோல்களால் 3–1 என்று வென்று வந்தது. இறுதியாட்டம் மார்ச் 17ஆம் தேதி, கண்டீரவாவிலேயே. எதிரியின் ஊர், எதிரியின் ஜனங்கள், புள்ளிப் பட்டியலின் முதல்வர்கள். ஒன்பதாவது நிமிஷத்தில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிய கோல். அன்று காலைப் பத்திரிகைகளின் ஜோசியமெல்லாம் பலித்துவிட்டதென்றே தோன்றியது. ஆனால் 17ஆம் நிமிஷத்தில் நெல்சன் அடித்த கார்னரில் பிரேசில்காரரான மெய்ல்சன் உயர்ந்து நின்று தலையால் சமன் செய்தார். முதற்பாதி முடியும் தறுவாயில், 45ஆம் நிமிஷத்தில், அதே நெல்சன், அதே கார்னர், அதே மெய்ல்சன். உயரத்தில் யாருக்கும் சளைக்காத கோல் காவலர் குர்பிரீத் சிங் சந்துவால் இரண்டையும் தடுக்க முடியவில்லை. 67ஆம் நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கூடுதல் நேரத்தில் மிக்கு பெங்களூருக்காக ஒன்றைத் திருப்பினார், அதற்குமேல் நேரமில்லை. 3–2. மூன்று வருஷங்களுக்குள் இரண்டாவது கோப்பை. இரண்டு முறையும் எதிரியின் ஊரில், இரண்டு முறையும் அதே எண்ணிக்கையில். 2015இலும் அணியில் இருந்த ஜேஜே, மெய்ல்சன், ரஃபேல் முதலியோர் இரண்டாம் முறையாகக் கோப்பையைத் தொட்டார்கள். தலைவர் ஹென்ரிக் செரேனோ அதைத் தூக்கிப் பிடித்தபோது, வடசென்னையின் சந்துகளில் வெடித்த பட்டாசு கணேஷுக்காக வெடித்தது.

வெற்றியோடு முடிப்பது கதைக்குத்தான் அழகு. சரித்திரத்துக்கு அடுத்த பக்கம் உண்டு. அடுத்த பருவத்தில் நடப்புச் சாம்பியன் பத்து அணிகளில் பத்தாவதாயிற்று. பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பதே புள்ளி. அந்தப் பருவம் முழுவதும் கணேஷ் களத்தில் இல்லை. முழங்காலில் ஏற்பட்ட காயம் அவரை வெளியே உட்கார வைத்தது. ஒருவர் இல்லாததால் மட்டுமே அணி வீழ்ந்ததென்று சொல்வது மிகையாகும். செரேனோ முதலிய பலர் போய்விட்டார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் காலியிடத்தைக் காத்தவர் போனபின் காலியிடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2019இல், கோப்பை வென்ற தகுதியில் கிடைத்த ஆசியப் பந்தயங்களில், கொழும்பு அணியை வென்று முன்னேறிய சென்னை, தன் சொந்த ஊர் ஆட்டங்களைச் சென்னையில் ஆட முடியாமல் அகமதாபாத்தில் போய் ஆட நேர்ந்தது. முதல் கோப்பையின்போது வெள்ளம் விரட்டியது. இரண்டாம் கோப்பையின் பலனை அநுபவிக்கும்போது விரட்ட வெள்ளம்கூட வேண்டியிருக்கவில்லை.

சொந்த ஊரில் மைதானம் கிடைக்காத இந்த விஷயத்தை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நாற்பதினாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தை 1993இல் நேரு கோப்பைக்காகக் கட்டிய நகரம், தன் சாம்பியன் அணிக்கு ஆசியப் போட்டி நாளில் ஒரு மைதானத்தை ஒழித்துக் கொடுக்க முடியவில்லை. அதே நகரத்தின் வடபகுதி, அந்த அணிக்கு ஒரு கணேஷைக் கொடுத்தது. அவருக்குக் கற்றுக்கொடுத்த தரையிலோ அன்றைக்குப் புல்கூட முளைத்திருக்கவில்லை. பழைய ஏணியில், காயம் பட்டவன் வங்கிக் கவுண்டருக்குப் போய் உட்காரலாம். புதிய ஏணியில், காயம் பட்டவன் தன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்க வேண்டும். பழைய காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவருவது சாத்தியமுமில்லை, அவசியமுமில்லை. ஆனால் ஏணி எதுவானாலும் அதன் கீழ்ப்படி தரையில்தான் ஊன்ற வேண்டும். ஆலை மூடிக் கிடக்கும் நிலங்களும் ரயில்வேக்குச் சொந்தமான காலி இடங்களும் வடசென்னையில் இல்லாமல் இல்லை. ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி ஆகிய ஒவ்வொன்றிலும் விளக்கும் புல்லும் உள்ள ஒரு பந்தாட்ட மைதானத்தை மாநகராட்சி ஏற்படுத்தினால், அது ஆடம்பரமாகாது. கோப்பையாக ஏற்கெனவே வட்டி கொடுத்துவிட்ட ஜனங்களுக்கு அசலைத் திருப்பித் தருவதேயாகும். இதைப் படிக்கும் வடசென்னை வாசகர்கள் தத்தம் வட்டத்து மாமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, குடிநீரையும் கால்வாயையும் கேட்ட கையோடு கிரவுண்டையும் கேட்க வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில், கோயம்புத்தூரைத் தலமாகக் கொண்டு 2018–19இல் ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணியின் வரலாற்றைப் பார்ப்போம்.